குறுக்கு விசாரணையில் பிறந்தவள்

போனை வைக்கும்போது எல்லோரும் ‘சரி’ என்று சொல்லித்தான் வைக்கிறார்கள். அதுவும் ஒரு முறை இல்லை. ‘சரி, சரி, வெச்சிடறேன், சரி’ என்று மூன்று நான்கு முறை. நான் சொல்வதில்லை. ‘ஆகட்டும்’ என்பேன், ‘பார்க்கலாம்’ என்பேன், ஒன்றும் வாயில் வராவிட்டால் பட்டென்று துண்டித்துவிடுவேன். திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். வாங்கிவிட்டுப் போகிறேன். பத்தொன்பது வருஷமாக அந்த வார்த்தையை யார் சொன்னாலும் எனக்கு அது ஒரே ஒரு பெண்ணின் குரலில்தான் கேட்கிறது. காய்கறிக்காரர் சொன்னாலும் அவள் குரல், நீதிபதி சொன்னாலும் அவள் குரல். என் கணவர் சாப்பிட்டு முடித்து ‘சரி, எழுந்துக்கலாமா’ என்றால் வாய் அவருடையது, குரல் அவளுடையது. காதில் ஏதோ கோளாறு என்று டாக்டரிடம் போனேன். சோதித்துவிட்டு, இந்த வயதில் இப்படி ஒரு காதா என்று பாராட்டினார். “சரிதானே?” என்று வேறு கேட்டார்.

நான் வக்கீல். முப்பத்திரண்டு வருஷத் தொழில். ஏழை எளியவர்களுக்காக வாதாடியவள் என்று நினைத்துவிடாதீர்கள். என் கட்சிக்காரர்கள் அரசாங்கமும் கம்பெனிகளும். நெடுஞ்சாலைத் துறை, குடிநீர்த் துறை, ஒரு சிமென்ட் கம்பெனி, லிஃப்ட் செய்கிற ஒரு கம்பெனி. லிஃப்ட் விழுந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். விழுந்தது லிஃப்ட் இல்லை, ஏறியவர்தான் விழுந்தார் என்று நான் போய்ச் சொல்ல வேண்டும். நன்றாகவே சொல்வேன். என் கட்சிக்காரர்கள் மேல் போட்ட வழக்குகள் வரிசையாகத் தள்ளுபடி ஆனதால் கோர்ட் வளாகத்தில் எனக்குப் பட்டப்பெயரே ‘தள்ளுபடி மேடம்’. ஜவுளிக்கடை வாசலில் கொட்டை எழுத்தில் ‘தள்ளுபடி’ என்று பார்த்தால் என் கணவர் காரை மெதுவாக்குவார்.

“உன் பேர்ல பேனர் கட்டியிருக்காங்க பாரு. எறங்கி ஒரு கும்பிடு போட்டுட்டு வா.”

சிரிப்பேன். அந்தப் பெயரில் எனக்குப் பெருமைதான் இருந்தது. இல்லை என்று இப்போது சொன்னால் பொய்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. வழக்குப் போடுகிறவர் தன் மனுவில் ஒன்று, இரண்டு என்று பத்தி பத்தியாக எழுதுவார். எதிர்த்தரப்பு ஒவ்வொரு பத்திக்கும் பதில் எழுத வேண்டும். எதை மறுக்காமல் விட்டோமோ அதை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு மறுக்க வேண்டியது. வாதி ஒரு பெண் என்று மனுவில் இருந்தால் அதையும் விசாரித்துவிட்டு ஒப்புக்கொள் என்பார் என் சீனியர். உண்மையில் எந்தப் பத்தி சரி, எந்தப் பத்தி தவறு என்று கட்சிக்காரர்தான் எழுதி அனுப்ப வேண்டும். பத்திவாரிக் குறிப்பு என்று அதற்குப் பெயர். ஓர் அரசாங்கத் துறை அதை நேரத்துக்கு அனுப்பிவிட்டால் அன்றைக்கு நிச்சயம் மழை வரும்.

குடிநீர்த் துறையின் அந்த வழக்கிலும் குறிப்பு வரவில்லை. கெடு முடிய ஒரே ஒரு நாள். மனுவில் இருந்த ஏழு பத்தியையும் மறுத்து எழுதித் தாக்கல் செய்துவிட்டேன். அதில் ஒன்று நான்காம் பத்தி.

நான்காம் பத்தியில் வழக்குப் போட்டவள், என் காதில் இன்றும் கேட்கிற குரலுக்குரியவள், சொல்லியிருந்தது இவ்வளவுதான். அவள் கணவர் ஆற்றங்கரை நீரேற்று நிலையத்தில் தினக்கூலி பம்ப் ஆபரேட்டர். துறை அவருக்குக் கொடுத்த பித்தளை வில்லை, அதாவது சட்டையில் குத்திக்கொள்கிற எண் போட்ட தகடு, முப்பத்தொன்றாம் எண். வெள்ளம் வந்த அன்று பிற்பகல் அவர் பணியில் இருந்தார். மதகை மூடுவதற்காகக் கிணற்றுக்குள் இறங்கினார். பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அவர் வேலை செய்யும்போது இறந்தார் என்று கோர்ட் அறிவிக்க வேண்டும் என்பதுதான் வழக்கு.

நான் எழுதினேன்: ‘நான்காம் பத்தியில் கண்ட சங்கதிகள் அனைத்தும் மறுக்கப்படுகின்றன. அப்படி ஒரு நபர் அன்று பணியில் இல்லை.’ முதல் வாக்கியம் எல்லா வழக்கிலும் எழுதுகிற வாக்கியம். இரண்டாவதை எனக்கு யாரும் சொல்லவில்லை. கொஞ்சம் அழுத்தமாக இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்தேன்.

விசாரணைக்கு வந்த அன்று அவளுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். கூண்டில் ஏறி நின்று கட்டையைப் பிடித்துக்கொண்டாள். துணிக் கம்பெனிக்குப் பிசிறு வெட்டிக் கொடுக்கிற வேலை அவளுக்கு. தைத்து வந்த துணியில் தொங்குகிற நூலையெல்லாம் கத்தரித்து எடுக்க வேண்டும். கட்டைவிரலில் கத்தரி பட்டுப் பட்டுக் காய்த்துப்போயிருந்தது. இன்றைக்கும் ஒரு பெண் கூண்டில் ஏறிக் கட்டையைப் பிடித்தால் நான் முதலில் விரலைத்தான் பார்க்கிறேன்.

குறுக்கு விசாரணையில் நாங்கள் கேள்வி மட்டும் கேட்பதில்லை. எங்கள் தரப்பு என்னவோ அதைச் சாட்சியின் முகத்துக்கு நேரே சொல்லவும் வேண்டும். ‘உங்கள் கணவர் அன்று வேலைக்கே வரவில்லை என்று சொல்கிறேன்’ என்போம். சாட்சி ‘சரியில்லை’ என்பார். ‘என் கணவர் அன்று வேலைக்கே வரவில்லை என்று சொன்னால் சரியல்ல’ என்று பதிவாகும். நாங்கள் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அது ஒரு சம்பிரதாயம், அவ்வளவுதான்.

ஏழு முறை சொன்னேன். ஏழு முறையும் அவள் ‘சரியில்லீங்க’ என்றாள். அவளுடைய வக்கீல் சொல்லிக் கொடுத்திருக்கிறார், எது சொன்னாலும் சரியில்லைன்னு சொல்லிடும்மா என்று. சொல்லிக் கொடுத்த கையோடு அவர் வேறொரு கோர்ட்டுக்குப் போய்விட்டார். அவருடைய ஜூனியர் மட்டும் உட்கார்ந்து எதையோ புரட்டிக்கொண்டிருந்தார். எட்டாவது நான் திட்டமிட்டு வந்தது இல்லை. உட்காரப் போனவள் திரும்பி நின்றேன். கழற்றிய கண்ணாடி என் கையில் இருந்தது.

“உங்க புருஷன் சாகலம்மா. கண்ணாடி போட்ட ஒரு பொண்ணோட அவர் பஸ் ஏறினதைப் பாத்தவங்க இருக்காங்க. உங்களை விட்டுட்டு அவளோட போயிட்டார்னு சொல்றேன்.”

அவள் என்னை நன்றாகப் பார்த்தாள். ஜூனியர் தலை நிமிரவில்லை.

“சரிங்க,” என்றாள்.

அந்த ‘சரிங்க’ எப்படிப்பட்டது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ரேஷன் தீர்ந்துபோச்சு என்று கடைக்காரர் சொன்னால் சொல்கிற சரிங்க. நாளைக்கு வா என்று ஆபீசர் சொன்னால் சொல்கிற சரிங்க. பெரியவங்க சொல்றீங்க, கேட்டுக்கிட்டேன் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. நான் நீதிபதி பக்கம் திரும்பி, “பதிவு பண்ணிக்கலாம் ஐயா,” என்றேன். அவர் கொஞ்சம் தயங்கினார்.

“சரின்னா... சரிதானாம்மா?”

“சரிங்கய்யா.”

டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. ‘என் கணவர் வேறொரு பெண்ணுடன் போய்விட்டார் என்று சொன்னால் சரிதான்.’ தீர்ப்பில் அந்த வரிதான் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தது. வாதியே ஒப்புக்கொண்டுள்ளபடி என்று ஆரம்பித்து, வழக்கு தள்ளுபடி செய்யப்படுகிறது என்று முடித்திருந்தார்கள். துறையிலிருந்து எனக்குப் பூங்கொத்து வந்தது.

அதற்குப் பிறகுதான் குரல் கேட்க ஆரம்பித்தது. குரலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பஸ் நிலையத்துப் பக்கம் சிக்னலில் கார் நிற்கும். ஏதோ ஒரு பஸ்ஸில் ஜன்னலோரம் கண்ணாடி போட்ட ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் ஒரு ஆண். இவள்தானோ என்று எட்டிப் பார்ப்பேன். அப்படி ஒருத்தியே கிடையாது, நான் இட்டுக்கட்டியவள் என்பது எனக்கே மறந்துபோகும். வருஷம் போகப் போக அவளுக்கும் என்னோடு சேர்ந்து வயதானது. போன வருஷம் பார்த்தவளுக்குக் காதோரம் நரைத்திருந்தது. பஸ் கிளம்பும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன், பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.

போன திங்கட்கிழமை காலை குடிநீர்த் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நீரேற்று நிலையத்தின் கிணற்றைத் தூர் வாரியிருக்கிறார்கள். மதகுக்கு உட்புறம் சேற்றில் மனித எலும்புகள் கிடைத்திருக்கின்றன. கூடவே ஒரு பித்தளை வில்லை, எண் முப்பத்தொன்று. மதகு மூடிய நிலையில் இருந்தது. பழைய பதிவேடுகள் காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டுவிட்டதால் வில்லை யாருடையது என்று தெரியவில்லை. உரிமை கோரி யாரும் வராவிட்டால் வெள்ளிக்கிழமை பிற்பகல் அடையாளம் தெரியாத உடல் என்று அடக்கம் செய்துவிடுவார்கள். கடைசிப் பத்தி இப்படி இருந்தது: ‘இந்நிலையம் சம்பந்தமாகத் தாங்கள் நடத்திய பழைய வழக்குக்கும் இதற்கும் தொடர்பு ஏதும் இல்லை எனச் சட்டக் கருத்து வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.’ பதிலையும் அவர்களே எழுதிவிட்டு என் கையெழுத்தைக் கேட்டிருந்தார்கள்.

குமாஸ்தாவைக் கூப்பிட்டேன். என்னைவிட ஆறு வயது மூத்தவர், நான் தொழில் தொடங்கிய நாளிலிருந்து என்னோடு இருக்கிறார்.

“அண்ணே, அந்த நீரேற்று நிலையம் கட்டு...”

எந்த நிலையம் என்று அவர் கேட்கவில்லை. பீரோவின் மேல்தட்டிலிருந்து எடுத்து வந்து மேஜையில் வைத்தார். பத்தொன்பது வருஷத்து வழக்குக் கட்டு. மேலே ஒரு பொட்டுத் தூசி இல்லை.

ஒரு விஷயத்தை இவ்வளவு நேரம் சொல்லாமல் வைத்திருந்தேன். தொழில் புத்தி, மன்னித்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்திவாரிக் குறிப்பு வரவே இல்லை என்று நான் சொல்லவில்லை. நேரத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். நான் பதில் மனு தாக்கல் செய்த பதினோராம் நாள் பழுப்புக் கவரில் அது வந்தது. அவளைக் கூண்டில் ஏற்றுவதற்கு நான்கு மாதம் முன்னால். ஒரே ஒரு தாள். ‘பத்தி மூன்று: தவறு. பத்தி நான்கு: சரி. பத்தி ஐந்து: தவறு.’ கீழே ஓர் உதவிப் பொறியாளரின் கையெழுத்து.

சரி என்றால் எது சரி? அவள் சொன்னது சரியா, நான் அதை மறுத்தது சரியா? என் பதில் மனுவின் நகலைத் துறைக்கு அனுப்பியிருந்தேன் அல்லவா, அதைப் பார்த்துவிட்டு நம் மறுப்பு சரி என்று எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டேன். அப்படியென்றால் மூன்றுக்கும் ஐந்துக்கும் நான் எழுதிய மறுப்பு தவறு என்று ஆகிவிடும். அந்தக் கேள்வியை நான் என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் பதில் மனுவைத் திருத்த வேண்டும். திருத்தினால் வழக்கு போய்விடும். தாளைக் கட்டில் கோத்துவிட்டேன். எனக்குத் தெரியும். தெரிந்துதான் எட்டாவது முறை எழுந்து நின்றேன்.

“நான்தான் மேடம் கவரைப் பிரிச்சேன்,” என்றார் குமாஸ்தா.

“படிச்சீங்களா?”

“படிச்சேன்.”

“அப்ப ஏன் ஒரு வார்த்தை சொல்லல?”

“நீங்களும் படிச்சீங்களே மேடம். நீங்களே பேசாம இருந்தப்ப நான் யாரு?”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எதிரில் கிடைத்தவர் அவர் என்பதால் அவர் மேல் கத்தினேன். பென்சில் சீவாதது, வழக்குக் கட்டின் நாடா சரியில்லாதது, பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு தேதியைத் தப்பாகக் குறித்தது எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கத்தினேன். அவர் நின்று கேட்டுக்கொண்டார். பிறகு எனக்கு டீ கொண்டுவந்து வைத்தார். அது ஆறிப்போகிறவரை நான் அந்தத் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை சட்டக் கருத்தை எழுதி அனுப்பினேன். வில்லை எண்ணும் பழைய வழக்கின் நான்காம் பத்தியில் உள்ள எண்ணும் ஒன்றே, அந்த மனைவிக்கு உடனே தெரிவியுங்கள் என்று எழுதியிருந்தேன். புதன்கிழமை துறையின் இன்ஜினியர் போன் செய்தார். புதிதாக வந்தவர், என் மகன் வயது.

“மேடம், நாங்க கேட்டது இது இல்லையே.”

“நீங்க கேட்டது தெரியும்.”

“தொடர்பில்லைன்னு ஒரு வரி போதும் மேடம். இல்லைன்னா கருத்தே வேண்டாம், இதைத் திருப்பி அனுப்பிடறேன். அந்த வழக்குல நாமதானே ஜெயிச்சோம்?”

“நாமதான்.”

“அப்புறம் என்ன மேடம்? ஜெயிச்ச வழக்கைப் போய் யாராவது தோண்டுவாங்களா?”

“தோண்டினது நீங்கதானேப்பா.”

சிரித்தார். நல்ல பிள்ளைதான், மேலே யாருக்கோ பயப்படுகிறார். பிறகு குரலைத் தாழ்த்தி, “கட்சிக்காரர் சொன்ன ரகசியத்தை வக்கீல் வெளிய சொல்லக் கூடாது, இல்லையா மேடம்? சும்மா கேட்டேன்,” என்றார். சும்மா கேட்கவில்லை. பிறகு, “சரி மேடம்,” என்று வைத்தார். அவள் குரல்.

அன்று மாலை என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டில் கோத்த தாள் உட்பட. அவருக்குக் கிண்டல் வராமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“நீ போய்ச் சொன்னா என்ன ஆகும்?”

“துறை புகார் கொடுக்கும். கருப்புக் கோட்டைக் கழட்டி வெச்சிடச் சொல்லுவாங்க.”

“சொல்லலைன்னா?”

“ஒண்ணும் ஆகாது. ஒருத்தருக்கும் தெரியாது.”

“உனக்குத் தெரியுமே,” என்றார்.

வியாழக்கிழமை மதியம் கிளம்பினேன். விலாசம் கேட்டதும் குமாஸ்தா சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். அவள் வீடு மாறும்போதெல்லாம் விசாரித்து எழுதி வைத்திருக்கிறார். மூன்று பழைய விலாசங்களை அடித்து நான்காவதாக ஒன்று. காரில் கூடவே வந்தார். தெருமுனையில் இறங்கி, “நான் இங்கயே நிக்கறேன் மேடம்,” என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

மாடிப்படி குறுகலாக இருந்தது. இரண்டாவது மாடியில் கதவு திறந்தே கிடந்தது. ஒற்றை அறை. சுவரோரம் தைத்த கால்சட்டைகள் மூட்டை மூட்டையாகக் கட்டியிருந்தன. அவள் தரையில் உட்கார்ந்து மடியில் ஒரு கால்சட்டையை வைத்துப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் நீல நூல் துணுக்குகள். நிமிர்ந்து பார்த்தாள்.

“வாங்க மேடம்.”

“என்னைத் தெரியுதா?”

“தெரியாம என்ன. உக்காருங்க.”

மூட்டையை நகர்த்தி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். வழியெல்லாம் வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். முதல் வாக்கியத்தை எடுப்பதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

“நானே உங்களைத் தேடி வரணும்னு இருந்தேன். ரெண்டு தடவை உங்க ஆபீஸ் வாசல் வரைக்கும் வந்துட்டேன். வாட்ச்மேன் என்ன விஷயம்னு கேட்டாரு. என்னன்னு சொல்றது? திரும்பிட்டேன்.”

“எதுக்கு வந்தீங்க?”

“கேக்கறதுக்குத்தான்.” கத்தரியைக் கீழே வைத்தாள். “அந்தப் பொண்ணு யாரு மேடம்?”

“எந்தப் பொண்ணு?”

“கண்ணாடி போட்டவ.”

என் மூக்கின் மேல் கண்ணாடி கனத்தது. கழற்றவும் முடியவில்லை.

“கோர்ட்ல நீங்க சொன்னப்ப நான் நம்பல. அவங்க வேலை, என்னமோ சொல்றாங்கன்னுதான் சரிங்கன்னேன். வீட்டுக்கு வந்து யோசிச்சுப் பாத்தேன். அவங்க படிச்சவங்க. அவங்களும் ஒரு பொம்பளை. இன்னொரு பொம்பளையை நிக்க வெச்சு அவ மூஞ்சியைப் பாத்து இப்படிச் சொல்லணும்னா, தெரியாமலா சொல்வாங்க? கண்ணாடின்னு அடையாளம் வேற சொல்றாங்களே. யாரோ பாத்துட்டு வந்து சொல்லியிருக்காங்கன்னு அப்புறம்தான் புத்திக்கு எட்டுச்சு.” கையில் ஒட்டியிருந்த நூலை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டாள். “கண்ணாடி போட்டவங்களைக் கண்டாலே ஆகாம போச்சு. ஒருத்தி பின்னாடி மூணு தெரு நடந்திருக்கேன். எம் பொண்ணுக்கு ஆறாவது படிக்கறப்ப கண்ணாடி போடணும்னு டீச்சர் சொன்னாங்க. நான் விடல. ரெண்டு வருஷம் போர்டு தெரியாம உக்காந்திருந்தா, அப்புறம் படிப்பை விட்டுட்டா. அவளே வேலைக்குப் போய்த்தான் வாங்கிப் போட்டுக்கிட்டா. இப்பகூட வீட்டுக்கு வந்தா கழட்டி வெச்சிடுவா, எனக்காக.”

“அப்படி ஒரு பொண்ணு இல்லம்மா,” என்றேன்.

“இல்லைன்னா? செத்துட்டாளா?”

“இல்ல. எப்பவுமே இல்ல. நான் சொன்ன பொய். என் கண்ணாடி கையில இருந்துச்சு, அதுவே வாயில வந்துடுச்சு.”

அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் கேட்டது ஒரே வார்த்தைதான்.

“கோர்ட்லயா?”

“கோர்ட்லதான்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பக்குவமாகச் சொல்லத் தெரியவில்லை, அடுக்கிக்கொண்டு வந்த வாக்கியம் ஒன்றும் உதவவில்லை. உங்க வீட்டுக்காரர் எங்கேயும் போகலம்மா, அந்தக் கிணத்துலயேதான் இருந்திருக்கார், இப்பதான் எடுத்திருக்காங்க என்றேன். வில்லையைச் சொன்னேன். எண்ணைச் சொல்வதற்குள் அவளே, “முப்பத்தொண்ணு,” என்றாள். நாளைக்கு மதியத்துக்குள் போய்ச் சொல்லாவிட்டால் பேர் இல்லாமல் புதைத்துவிடுவார்கள், இப்போதே கிளம்புங்கள், நானும் வருகிறேன் என்றேன். அவர் அன்றைக்கு வேலையில்தான் இருந்தார் என்று துறையே எழுதிய தாள் இது, இது எனக்கு அப்பவே தெரியும் என்று சொல்லி நீட்டினேன். அவள் வாங்கவில்லை. மடியில் கிடந்த கால்சட்டையை ஒருமுறை உதறி மடித்து வைத்தாள்.

“மூடிட்டாரா?”

“என்னம்மா?”

“மதகை மூடத்தானே எறங்கினாரு. மூடிட்டாரா?”

“மூடித்தான் இருந்துதாம்.”

தலையை ஆட்டினாள். அதன் பிறகு அழுதாள். சத்தம் போடவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டு அழுதாள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். திட்டட்டும், கத்தரியை எடுத்து வீசட்டும் என்று காத்திருந்தேன். அதற்காகவே வந்தேன் என்றுகூடச் சொல்லலாம். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வேறு புடவை எடுக்க அலமாரியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“எங்க மாமியாருக்கு அவர் ஒரே பிள்ளை,” என்றாள், அலமாரியைப் பார்த்தபடியே. “அவங்க நம்பவே இல்ல. எம் பிள்ளை அப்படிப் போறவன் இல்லடின்னு நாலு வருஷம் சொல்லிட்டே இருந்தாங்க. நான்தான் விடல. வக்கீலம்மா சொல்லிட்டாங்க, ஜட்ஜே எழுதிட்டாரு, இன்னும் என்ன பிள்ளை பிள்ளைன்னு தினமும் சண்டை போடுவேன். சோறு போடும்போதும் சொல்லுவேன், தண்ணி எடுத்துக் கொடுக்கும்போதும் சொல்லுவேன். சொல்லிச் சொல்லி நம்ப வெச்சேன். நம்பினதுக்கு அப்புறம் ஆறு மாசம்தான் இருந்தாங்க. அவன் வந்தா என் பொணத்தைத் தொட விடாதடி, என் மூஞ்சியை அவனுக்குக் காட்டாதேன்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினாங்க.”

இப்போது என் பக்கம் திரும்பினாள்.

“அவங்ககிட்ட யார் மேடம் போய்ச் சொல்றது?”